தங்கப் பல்லில் மஞ்சள்

அத்தியாயம் 14

"ஃபேனை இந்தப் பக்கம் திருப்பு வதினா. எனக்கில்ல, அதுக்கு."

காக்கிநாடாவிலிருந்து நேற்று மாலை வந்து இறங்கிய சுகந்தி, தன் அண்ணன் மனைவியிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

சத்யவேணி மறுபேச்சில்லாமல் மேஜை விசிறியைத் திருப்பினாள். பக்கவாட்டு மூடி கழற்றப்பட்ட சிபியூ பெட்டிக்குள் காற்று புகுந்தது. உள்ளே பழைய ஹார்ட் டிஸ்க், 'டக்... டக்...' என்று இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அமைதியானது. மூன்று நாட்களாக இந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அவளுக்குத் தூக்கம் போயிருந்தது.

ராஜமுந்திரியில் அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் வேணியின் எம்பிராய்டரி மெஷினைக் காட்டுவார்கள். முன்னறையை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்த மெஷின்தான் வீட்டை நடத்துகிறது. அதே மெஷினால்தான் இரண்டு வருடம் முன்பு வீடு இரண்டாகவும் போனது.

சுகந்தியின் புதுமனை புகுவிழாவுக்குப் பிறந்த வீட்டுத் துணிமணிகளை வதினாதான் எடுத்துப் போக வேண்டும். யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கையை முடித்துக் கொடுத்துவிட்டு வேணி போய்ச் சேர்ந்தபோது அங்கே பால் பொங்கி முடிந்திருந்தது. சுகந்தியின் மாமியார் எல்லார் எதிரிலும் சொன்ன வார்த்தை ஒன்று. பதிலுக்கு வேணி சொன்னது ஒன்று. "இனிமே அந்த மெஷினுக்கே ஹாரத்தி எடுத்துக்கோ வதினா" என்று சுகந்தி சொன்னது கடைசி. அதன்பிறகு அவள் வரவில்லை. அவள் கணவன் கிரிதர் இந்த வாசல்படி பக்கமே தலைகாட்டவில்லை.

இப்போது அந்த மெஷினுக்கே டிசைன் கொடுக்கும் கம்ப்யூட்டர் உயிருக்கு ஊசலாடுகிறது என்றதும், காக்கிநாடா பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்ளும் அதே சுகந்தி, ஒரு சின்ன அட்டைப் பெட்டியோடு வந்திருக்கிறாள்.

"நீ உடனே வந்தது..." என்று வேணி ஆரம்பித்தாள்.

"உன் மெஷினுக்காக வரல வதினா. அண்ணய்யா போன்ல அழுதான், அதுக்காக வந்தேன்."

"நான் எங்க அழுதேன்?" என்றான் சூரிபாபு, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. வேணியின் கணவன்; கடைவீதியில் மருந்துக்கடை. "எனக்கு ஜலதோஷம்."

"மருந்துக்கடைக்காரனுக்கே ஜலதோஷம்னா ஊர்க்காரங்க கதி என்ன?"

வேணிக்குச் சிரிப்பு வந்தது. சுகந்தி பார்ப்பதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வரலட்சுமி விரதம். இன்று புதன். கோலாட்டக் குழுப் பெண்கள் ஒன்பது பேருக்கும் ஒரே மாதிரி ரவிக்கை. முதுகில் தாமரைக்கொடி. வேணியின் கம்ப்யூட்டர் திரையில் எல்லா டிசைன்களையும் பார்த்து, சண்டை போட்டு, குழுத் தலைவி நாகரத்னம் இரண்டுமுறை கோபித்து எழுந்துபோய், கடைசியில் ஒன்பது பேரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அந்தத் தாமரைக்கொடி. துணியும் நூலும் வந்துவிட்டன. ஊசி இன்னும் இறங்கவில்லை.

சூரிபாபு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். "எல்லா ஃபோல்டரையும் இழுத்துப் புதுசுல போட்டா முடிஞ்சுது. இதுக்கு ஏன் இவ்வளவு பாடு?"

"போட்டுப் பாரேன். டிசைன் எல்லாம் வரும். திறக்கற சாஃப்ட்வேர் வருமா?"

"அந்த சாஃப்ட்வேரைத் திரும்பப் போட முடியாதுங்க" என்றாள் வேணி. "வித்த கம்பெனியே மூடியாச்சு. இந்தக் கம்ப்யூட்டர்ல, இந்த விண்டோஸ்ல ஒருதடவை பதிஞ்சு வச்சதுதான். இது போனா அது போச்சு."

"அதனாலதான் ஒண்ணொண்ணா எடுக்கக் கூடாது. விண்டோஸ், சாஃப்ட்வேர், டிசைன் எல்லாத்தையும் இருக்கறது இருக்கறபடியே அப்படியே பெயர்த்து வைக்கணும்." சுகந்தி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். பாடம் சொல்லும்போது அவள் கோபம் தானாக இறங்கிவிடும்; சின்ன வயதிலிருந்தே அப்படி. "கம்ப்யூட்டருக்குக் கரண்ட் வந்ததும் அது முதல்ல டிஸ்க்ல ஒரு இடத்தைத் தேடும். 'எங்க ஆரம்பிக்கணும்'னு அங்கதான் எழுதியிருக்கும். அந்த இடம் நம்ம கண்ணுக்கு ஃபோல்டராத் தெரியாது. இழுத்துப் போட்டா வராது."

வேணி கொஞ்சம் யோசித்தாள். "ஃப்ரேம்ல துணி மாட்டினதும் ஊசி முதல்ல எங்க இறங்கணும்னு குறி வைப்போம். பூ எவ்வளவு அழகா இருந்தாலும் அந்தக் குறி இல்லேன்னா மெஷின் நகராது. அந்த மாதிரியா?"

சுகந்தி நிமிர்ந்து பார்த்தாள். "அதே மாதிரிதான். நான் லேப்ல பசங்களுக்கு இதைச் சொல்லப் பாதி நாள் ஆகும்."

"இது ஏன் இப்படித் தட்டுது?"

"உள்ள ஒரு தட்டு சுத்திட்டே இருக்கும். அது மேல ஊசி மாதிரி ஒரு கை, தொடாம நகர்ந்து நகர்ந்து படிக்கும். படிக்க முடியாத இடம் வந்தா கை திரும்ப முதல்லேர்ந்து தேடும். அந்தச் சத்தம்தான் இது."

"நூல் அறுந்தது தெரியாம என் மெஷினும் இப்படித்தான் ஒரே இடத்துல குத்திட்டு நிக்கும்."

"புதுசுல தட்டும் இல்ல, கையும் இல்ல. ஓடற சாமானே கிடையாது. கரண்டுதான் படிக்குது, எழுதுது. அதான் வேகம்." சுகந்தி அட்டைப் பெட்டியைத் திறந்தாள். சீட்டுக்கட்டைவிட மெலிதாக, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருப்புத் தகடு. "உன்னோடதைவிட ஒரு சுத்து பெரிசாத்தான் வாங்கினேன். கொஞ்சம் சின்னதா வாங்கியிருந்தா விலை கம்மி. ஆனா முழுசா உட்காராது."

"சின்ன ஃப்ரேம்ல பெரிய பூ."

"ஆமா."

அவ்வளவு நேரம் அவர்கள் இருவரும் சண்டையில்லாமல் பேசியது இரண்டு வருடத்தில் அதுவே முதல்முறை. சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வேணியின் மாமியார் மங்கதாயாரு சத்தமில்லாமல் உள்ளே போனாள்.

சுகந்தி ஒரு பென் டிரைவைச் செருகி அதிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பினாள். பழைய டிஸ்க்கில் விண்டோஸ் ஓடிக்கொண்டே இருந்தால் அது எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். பெயர்க்கும் நேரத்தில் அது தூங்கத்தான் வேண்டும் என்றாள். பிறகு புது டிஸ்க்கை ஒரு கேபிளில் மாட்டி, அந்தக் கேபிளைக் கம்ப்யூட்டரில் செருகினாள்.

திரையில் பழைய டிஸ்க் மட்டும் தெரிந்தது.

கழற்றி மாட்டினாள். வேறு துளையில் செருகினாள். புதியது வரவே இல்லை.

"டூப்ளிகேட்டைத் தலையில கட்டிட்டான்" என்றான் சூரிபாபு. "பில் இருக்கா?"

"நேத்து லேப்ல மாட்டிப் பார்த்துட்டுத்தான் கொண்டுவந்தேன். நல்லாத்தான் இருந்துச்சு." சுகந்தியின் குரல் தேய்ந்தது.

பழைய டிஸ்க் மறுபடி தட்டியது. வேணி சுவரில் சாய்த்து வைத்திருந்த ஒன்பது துணிச் சுருள்களைப் பார்த்தாள். இந்த விரதம் தவறினால் கோலாட்டக் குழு மட்டுமா போகும்? தெருவே வேறு கடைக்குப் போகும்.

சுகந்தி கேபிளைப் பிடுங்கி, தகட்டின் ஓரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கேபிள் மாட்டும் இடத்தில் வரிசையாகத் தங்க நிறத்தில் சின்னச் சின்னப் பற்கள். அவற்றின் மேல் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி.

மோந்து பார்த்தாள்.

"அம்மா."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"அம்மா, இங்க கொஞ்சம் வா."

மங்கதாயாரு முந்தானையில் கை துடைத்தபடி வந்தாள். மகள் கையிலிருந்ததைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"நீ குளிக்கப் போனப்போ வச்சேன்டி. சிராவண மாசம். வீட்டுக்குப் புதுசா வந்த சாமான். மஞ்சள் குங்குமம் வைக்காம எப்படி?"

"வைக்கலாம். முதுகுல வைக்கலாம். இங்கயா வைப்ப?"

"எது முதுகு எது மூஞ்சின்னு எனக்கு என்ன தெரியும்? எல்லாப் பக்கமும் கருப்பு. இங்க மட்டும்தான் தங்கமா மின்னிச்சு. அதுதான் மூஞ்சின்னு நெனச்சேன்."

சூரிபாபு வாயைப் பொத்திக்கொண்டான். வேணி அவனை முறைத்தாள். ஆனால் முதலில் சிரித்தது சுகந்திதான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"கெட்டுப் போச்சா?" என்றாள் மங்கதாயாரு. "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலையில உட்கார்றீங்களேன்னு... அது நல்லபடியா முடியணும்னு வேண்டிக்கிட்டுத்தான் வச்சேன். என் கையாலயே கெடுத்துட்டேனா?"

அவள் குரலைக் கேட்டதும் சிரிப்பு நின்றுபோயிற்று.

"ஈரத்தோட மாட்டினதுதான் பயம்" என்றாள் சுகந்தி மெதுவாக. "ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவுல ஈரம் இருந்தா கரண்ட் வழிமாறிப் போகும். உள்ள எதையாவது சுட்டிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. சுடலேன்னா, துடைச்சா வந்துடும். அண்ணய்யா, கடையில ஸ்பிரிட் இருக்கா?"

சூரிபாபு செருப்புப் போடாமல் ஸ்கூட்டரில் ஏறினான்.

ஸ்பிரிட் வந்தது. பஞ்சு வேண்டாம், இழை ஒட்டும் என்றாள் சுகந்தி. வேணி மெஷின் இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன பிரஷ்ஷை எடுத்துக் கொடுத்தாள். பாபின் பெட்டிக்குள் படியும் நூல்தூசியைத் தட்டுவதற்கு வைத்திருப்பது. மென்மையான முடி, குறுகிய தலை. சுகந்தி தகட்டைப் பிடித்துக்கொள்ள, வேணி ஒவ்வொரு பல்லாகத் துடைத்தாள். ஊசிக் காதில் நூல் கோத்துப் பழகிய கை.

விசிறிக் காற்றில் நன்றாகக் காயவிட்டார்கள். மங்கதாயாரு பூஜை அறைப் பக்கமே போகாமல் ஹாலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சுகந்தி மாட்டினாள்.

திரையில் இரண்டாவது வரி ஒன்று வந்து நின்றது.

"வந்துடுச்சு அத்தய்யா" என்றாள் வேணி.

மங்கதாயாரு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இனிமேதான் ஆபத்தான இடம்" என்றாள் சுகந்தி. "எதிலேர்ந்து எதுக்குன்னு கேட்கும். மாத்திச் சொன்னா வெறும் புது டிஸ்க்கை எடுத்து உன் டிசைன் மேல பூசி எல்லாத்தையும் அழிச்சுடும். நான் எத்தனை தடவை பண்ணியிருந்தாலும் இந்த இடத்துல இன்னொருத்தரை வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். படி வதினா."

வேணி குனிந்து, டிஸ்க்கின் பெயரையும் அளவையும் எழுத்தெழுத்தாகப் படித்தாள். பழையது இது. புதியது இது. பழையதிலிருந்து புதியதுக்கு.

"இன்னொரு தடவை."

மறுபடி படித்தாள். சுகந்தி பட்டனை அழுத்தினாள்.

திரையில் ஒரு பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. பாதியில் ஃப்யூஸ் போய்விடக் கூடாது, அதனால் யாரும் கிரைண்டர் போடக் கூடாது, இஸ்திரி போடக் கூடாது என்று சுகந்தி உத்தரவு போட்டாள். மங்கதாயாரு அம்மியை எடுத்து கோங்குரா கீரைக்கு மிளகாய் அரைத்தாள்.

பச்சைக் கோடு பாதிக்குமேல் போய் நின்றது. உள்ளே டக், டக், டக். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். வெகுநேரம் கழித்துக் கோடு நகர்ந்தது.

"என்ன ஆச்சு?"

"ஒரு இடத்தைப் படிக்க முடியல. திரும்பத் திரும்ப முயற்சி பண்ணிட்டு, விட்டுட்டுப் போயிடுச்சு. அங்க என்ன இருந்துச்சுன்னு இப்போ தெரியாது. ஒண்ணுமே இல்லாத இடமாக்கூட இருக்கலாம்." சுகந்தி நேராகச் சொன்னாள். "பொய் சொல்ல மாட்டேன் வதினா. ஏதாவது ஒண்ணு போயிருக்கலாம்."

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது வேணி நாத்தனாரின் சோற்றில் நெய்யை ஊற்றினாள். போதும் என்று சுகந்தி சொல்லவில்லை. வேணியும் நிறுத்தவில்லை.

"அடியே, வழியுது" என்றாள் மங்கதாயாரு.

"வழியட்டும் அத்தய்யா. அன்னிக்கு என் கையால ஒண்ணும் நேரத்துக்குப் போய்ச் சேரல." வேணி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "வார்த்தை விட்டதும் நான்தான். உன் மாமியார் மனவலியில பேசினாங்க. நான் அந்த இடத்துல வாயை மூடிட்டு நின்னிருக்கணும்."

சுகந்தி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "நானும்தான் மெஷினுக்கு ஹாரத்தி எடுக்கச் சொன்னேன். அம்மா இன்னிக்கு எடுத்துட்டா, பார்த்தியா?"

சூரிபாபுவுக்குப் புரையேறியது.

மத்தியானம் சாய்ந்த நேரத்தில் பச்சைக் கோடு முடிவைத் தொட்டது. சுகந்தி கம்ப்யூட்டரை அணைத்து, பழைய டிஸ்க்கைக் கழற்றினாள். இரண்டும் இப்போது ஒன்றுபோலவே இருக்கும். இரண்டையும் மாட்டி வைத்தால் எது நிஜம் என்று கம்ப்யூட்டர் குழம்பும். புதியதை அதன் இடத்தில் வைத்து இரண்டு திருகாணி முடுக்கினாள்.

"நீ போடு வதினா."

வேணி சுவிட்சைப் போட்டாள். வழக்கப்படி எழுந்தாள். தினமும் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய்க் காபி கலந்து, குடித்து, தம்ளரைக் கழுவிவிட்டு வருவாள். அதற்குள்தான் திரை வரும். இன்று அவள் கதவைத் தாண்டுவதற்குள் பின்னால் அந்தப் பழக்கமான ஒலி கேட்டது. திரும்பினாள். அதே நீலத் திரை, அதே படங்கள், அவள் ஒழுங்கில்லாமல் போட்டு வைத்திருந்த அதே இடங்களில்.

எம்பிராய்டரி சாஃப்ட்வேரின் படத்தில் அழுத்தினாள். 'பதிவு எண் கொடு' என்று கேட்டால் எல்லாம் முடிந்தது. கேட்கவில்லை. ஊசிகள் வரிசையாக நிற்கும் அந்த முகப்பு விரிந்தது.

வேணி சுகந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். ஸ்பிரிட் வாசனையும் மஞ்சள் வாசனையும் அதில் இன்னும் இருந்தன.

"சரி சரி. ஒவ்வொண்ணாத் திறந்து பாரு" என்றாள் சுகந்தி, கையை இழுத்துக்கொள்ளாமலே.

மயில் திறந்தது. மாங்காய் திறந்தது. அன்னம், கலசம், மல்லிகைச் சரம் எல்லாம் திறந்தன. தாமரைக்கொடியில் அழுத்தினாள்.

திரையில் ஒரு இலையும் பாதித் தண்டும் வந்தன. அதற்குமேல் வெற்றிடம்.

விட்டுப்போன இடம் எது என்று இப்போது தெரிந்தது.

சுகந்தி பழைய டிஸ்க்கை மாட்டிப் பார்த்தாள். அது ஒருமுறை சுற்ற முயன்று, நின்றுவிட்டது. மெஷினின் ஞாபகத்தில் கடைசியாகத் தைத்த டிசைன் மட்டுமே நிற்கும். முந்தாநாள் தைத்தது மாங்காய்.

"நாகரத்னம் அம்மாகிட்ட நான் பேசறேன்" என்றான் சூரிபாபு. "வேற பூ போடலாம்னு..."

"வேற பூன்னா முதல்லேர்ந்து சண்டை. வெள்ளிக்கிழமை தாண்டிடும்." வேணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தாமரை மனசுல இருக்குங்க. ஆனா எந்த இதழ் முன்னாடி, எது அதுக்கு அடியில, நூல் எந்தப் பக்கம் சாயணும்னு மனசுல இல்ல. தைச்ச துணி ஒண்ணு கையில கிடைச்சா போதும். அதைத் திருப்பி உள்பக்கம் பார்த்தா ஊசி நடந்த வழி அப்படியே தெரியும். அரை நாள்ல திரும்ப வரைஞ்சுடுவேன். ஆனா அதை நான் ஒரே ஒரு தடவைதான் தைச்சிருக்கேன்."

"யாருக்கு?"

வேணி திரும்பி அவளைப் பார்த்தாள். "உனக்குத்தான். உன் கல்யாணத்துக்கு."

சுகந்தி எழுந்து போனை எடுத்தாள். ஒருநிமிடம் தயங்கி, பிறகு எண்ணை அழுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி மேஜையில் வைத்தாள்.

"என்னங்க, பீரோ மேல்தட்டுல வெள்ளைத் துணி சுத்தி என் கல்யாண ரவிக்கை இருக்கு. அது நாளைக்குக் காலையில ராஜமுந்திரியில வேணும்."

அந்தப் பக்கம் கிரிதரின் குரல். "கொரியர்ல போட்டுடறேன்."

"கொரியர் வெள்ளிக்கிழமைக்கு வரும். நீங்க கொண்டுவரணும்."

"சுகந்தி, அந்த வீட்டுக்கு நான்..."

வேணி போனருகே குனிந்தாள். "அண்ணய்யா, நான் வேணி பேசறேன்."

மங்கதாயாரு மகனின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க வீட்டுல பால் பொங்கறப்போ துணியோட நான் நிக்கல. உங்க அம்மாவை எதிர்த்தும் பேசினேன். இன்னிக்கு உங்க மனைவி வந்து என் சோத்தைக் காப்பாத்திக் கொடுத்திருக்கா. இதுக்குமேல கேட்க எனக்கு முகமில்ல. ஆனாலும் கேட்கறேன். வாங்க அண்ணய்யா."

யாரோ பக்கத்தில் ஏதோ சொல்வது போனில் மெலிதாகக் கேட்டது. வயதான பெண் குரல். கிரிதர் போனைப் பொத்திக்கொண்டு பேசினான். பிறகு திரும்பி வந்தான்.

"செல்லெம்மா" என்றான்.

தங்கச்சி என்று பொருள்படும் அந்த வார்த்தையைச் சொல்லி இரண்டு வருடமாக அவளை யாரும் கூப்பிட்டதில்லை. வேணி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"காலையில முதல் பஸ்ல ரவிக்கை வந்துடும். ஆனா நான் கொண்டுவரல."

"பின்னே?"

"அம்மா பக்கத்துல நின்னு எல்லாம் கேட்டுட்டாங்க. மருமகளோட கல்யாண ரவிக்கையை வேற யார் கையிலயும் கொடுக்க மாட்டாங்களாம். அவங்களே வராங்க. ஒரு நிபந்தனை."

"சொல்லுங்க அண்ணய்யா."

"அதை நேர்லதான் சொல்வாங்களாம். உங்ககிட்ட மட்டும்."

போன் அணைந்தது. மங்கதாயாரு மகளைப் பார்த்தாள். சுகந்தி அண்ணனைப் பார்த்தாள்.

வேணி மட்டும் துணிச் சுருள்களில் மேலாக இருந்ததை எடுத்து மெஷினின் ஃப்ரேமில் இழுத்து மாட்டி, சுருக்கமில்லாமல் இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். எந்த நிபந்தனையாக இருந்தாலும் சரி என்று அவள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டிருந்தாள்.